கம்பெனி உருமாறும்போது கூடப் போவதும் நின்றுவிடுவதும்

ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் கதவைப் பார்த்தாலே தொழில் யாருடையது என்று தெரிந்துவிடும். முன்னால் சாமி பெயரோ அப்பா பெயரோ இருக்கும். பின்னால் ‘செண்டிரியான் பெர்ஹாட்’ என்று முடியும். தோட்டத்து லயத்தில் பிறந்து, புல் வெட்டு, மருந்தடிப்பு, குலை அறுப்பு என்று குத்தகை எடுத்து, ஒரு லோரியை இரண்டாக்கிய தலைமுறை கட்டிய குடும்பக் கம்பெனிகள் இவை. இப்போது பிள்ளைகள் கணக்குப் பார்க்கிறார்கள். ஆண்டுதோறும் ஆடிட்டருக்கும் கம்பெனிச் செயலாளருக்கும் போகும் பணம் அவர்கள் கண்ணை உறுத்துகிறது. “பி.எல்.தி.யாக மாற்றிவிடுங்கள், ஆடிட்டும் வேண்டாம், செயலாளரும் வேண்டாம்” என்ற ஆலோசனை அந்த நேரம் பார்த்துத்தான் வந்து சேர்கிறது.

ஆலோசனையில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது.

பி.எல்.தி. என்பது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை. மலேசியாவில் 2012ஆம் ஆண்டின் 743ஆம் எண் சட்டம் இதைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி நடப்புக்கு வந்தது. கம்பெனியைப் போலவே இதுவும் கூட்டாளிகளிலிருந்து தனித்த ஒரு சட்ட ஆள். தன் பெயரில் நிலம் வாங்கலாம், வழக்குப் போடலாம், வழக்கைச் சந்திக்கலாம். தொழில் நொடித்தால் கூட்டாளியின் வீடும் நகையும் அந்தக் கடனுக்குப் பிணை ஆவதில்லை. உள்நிர்வாகம் மட்டும் பழைய கூட்டு வியாபாரத்தைப் போல: பங்குச் சான்றிதழ் கிடையாது, ஆண்டுக் கூட்டம் கிடையாது, யாருக்கு எவ்வளவு லாபம் என்பதைக் கூட்டாளிகளின் ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. ஏற்கெனவே நடக்கும் தனியார் கம்பெனி ஒன்று இந்த வடிவத்துக்கு மாறவும் அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. பதிவுக் கட்டணம் 500 ரிங்கிட்.

இந்த ஊர்கள் அடங்கிய கோலசிலாங்கூர் மண்ணுக்குக் கம்பெனிகள் மாறுவது புதிதல்ல. ஹென்ரி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905இல் மலாயா வந்து, சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் போட்டார். பெல்ஜியத்தின் ஏட்ரியன் ஹாலே பணபலம் கொடுத்தார். ஹாலேயின் சொக்ஃபின் நிறுவனம் 1909இல் உருவானது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பக்கத்தில் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஃபோகொன்னியே நட்டதுதான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை. இந்தத் தோட்டங்களை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. தென்னமரம் இன்று எஸ்.டி. கத்ரி வசம் இருக்கிறது. அந்தப் பெயரே சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் ஆகிய மூன்று குழுமங்கள் 2007இல் ஒன்றாகி, பிறகு 2024இல் பெயர் மாற்றியதில் வந்தது. அதற்கும் முன்னால், 1981 செப்டம்பரில், லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள் கத்ரியின் பங்குகள் மலேசியர் கைக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும்.

இந்த வரலாற்றை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு தொழில் கைமாறுவது மூன்று வகை. பங்குகள் கைமாறலாம்: 1981இல் நடந்தது அதுதான். கம்பெனி அதே கம்பெனி. முதலாளியின் முதலாளி மட்டும் மாறுகிறார். காலையில் பிரட்டுக்கு நின்ற தொழிலாளி மறுநாளும் அதே இடத்தில் நிற்கிறார். இரண்டாவது, சொத்து கைமாறலாம்: கம்பெனி தன் நிலத்தை வேறொருவருக்கு விற்கிறது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டது இந்த வகை. பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து 1962இல் விரிவான அறிக்கை தந்தார். நிலம் போனபோது வேலையும், வேலையோடு லயத்து வீடும் போயின. மூன்றாவது வகை, வடிவம் மாறுவது: சொத்தும் ஆட்களும் அப்படியே இருக்க, அவற்றைத் தாங்கும் சட்டக் கூடு மட்டும் மாறுகிறது. கம்பெனி பி.எல்.தி. ஆவது இந்த மூன்றாவது வகை.

எந்த வகை என்று தெரிந்துகொள்வது வெறும் சட்ட நுணுக்கம் அல்ல. கூலிக்காரருக்கும் கடன் கொடுத்தவருக்கும் என்ன ஆகும் என்பது அதில்தான் இருக்கிறது.

743ஆம் சட்டத்தின்படி மாற்றம் பதிவான நாளில் கம்பெனியின் சொத்து, உரிமை, கடன், பொறுப்பு எல்லாமே தனியாக எந்தப் பத்திரமும் எழுதாமல் பி.எல்.தி.க்கு வந்துவிடுகின்றன. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு தொடர்கிறது. வேலை ஒப்பந்தங்களும் தொடர்கின்றன, பி.எல்.தி.யே ஆரம்பம் முதல் முதலாளியாக இருந்ததுபோல் சட்டம் பார்க்கிறது. பதினைந்து ஆண்டு லோரி ஓட்டியவரின் பதினைந்து ஆண்டும் கணக்கில் நிற்கும். தோட்டம் விற்கப்படும்போது இந்தத் தொடர்ச்சி தானாக வருவதில்லை. அங்கே 1980ஆம் ஆண்டின் பணி நீக்க, ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிமுறைகள் பேசும்: புதிய உரிமையாளர் ஏழு நாளுக்குள், பழையதற்குக் குறையாத நிபந்தனையில் வேலை தர முன்வர வேண்டும், இல்லையேல் பழைய முதலாளி இழப்பீடு தர வேண்டும். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். ஓராயுள் உழைப்புக்கு அது எவ்வளவு சிறிய தொகை என்பதைத் தோட்டத்துக் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் என்ற ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் வேலையும் போய், சொந்த வீடும் இல்லாமல், பல ஆண்டுகள் போராடியது இந்த வட சிலாங்கூரில்தான். தரை வீடுகள் கட்டித் தரும் அறிவிப்பு 2023இல்தான் அரசாங்க பட்ஜெட்டில் ஏறியது.

ஆகவே, தொழிலாளி பக்கமிருந்து பார்த்தால் வடிவ மாற்றம் சொத்து கைமாறுவதைவிடப் பாதுகாப்பானது. இதை முதலாளிகள் தங்கள் ஆட்களிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டில் திடீரென வேறு பெயர் வந்தால், தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு முதலில் வருவது பயம்தான். அந்தப் பயத்துக்கு இந்த மண்ணில் போதுமான காரணம் இருக்கிறது.

முதலாளி பக்கம் கதை வேறு. மாற்றத்துக்கு முன் சட்டம் கேட்கும் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக ஒரு குடும்பக் கம்பெனியின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மாதிரிக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம்: மூன்று லோரி, ஒரு கடை வீடு, எட்டு வேலையாட்கள், பங்குதாரர்களாக அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள்.

கம்பெனியின் சொத்து மீது அடமானமோ வேறு பிணையோ இருக்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை. கடை வீட்டை பேங்கில் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். கடனை முடித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க முடியும். நடப்புக் கணக்கில் ஓவர்டிராஃப்ட் வாங்கும்போது கம்பெனியின் மொத்த சொத்தையும் பிணையாக எழுதிக் கொடுத்தது பல குடும்பங்களுக்கு நினைவிலேயே இருக்காது. பேங்க் அதைக் கம்பெனிகளைப் பதியும் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிவு செய்திருக்கும். தேடிப் பார்த்தால் வெளியே வரும்.

இரண்டாவது, பங்குதாரர்கள் அத்தனை பேரும் கூட்டாளிகளாக வேண்டும். வெளியார் ஒருவரும் அந்த நேரத்தில் உள்ளே வரக் கூடாது. தமிழ்க் குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் இது. அப்பா தவறி ஆறேழு ஆண்டு ஆகியிருக்கும். அவர் பங்கு இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். நிர்வாக அதிகாரப் பத்திரம் எடுக்க யாரும் நீதிமன்றப் படி ஏறியிருக்க மாட்டார்கள். அண்ணன் தொழிலைப் பார்த்துக்கொள்கிறார் என்ற நம்பிக்கையில் நாள் ஓடியிருக்கும். அந்தப் பங்குக்கு முறையான உரிமையாளர் யார் என்று தீராத வரை மாற்ற விண்ணப்பம் நகராது. கல்யாணமாகி ஜொகூரில் இருக்கும் தங்கை, நாலு பங்கை வைத்துக்கொண்டு பேச்சு நின்றுபோன சித்தப்பா எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பிறகு கடன் கொடுத்தவர்கள். கம்பெனி தன் கடன்களை உரிய நேரத்தில் கட்டக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அரசு அமைப்புகளுக்குச் சேர வேண்டிய கட்டணங்களில் பாக்கி இருக்கக் கூடாது. பரவலாக விற்பனையாகும் ஒரு நாளிதழிலும் அரசிதழிலும் விளம்பரம் தர வேண்டும். கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். டயர்க் கடைக்காரர், உர வியாபாரி, டீசல் கொடுத்தவர், லோரிக்கு வாடகைக் கொள்முதல் கடன் தந்த நிறுவனம் என்று பட்டியல் நீளும். பாக்கி நிறைய இருக்கும் கம்பெனிக்கு இந்தக் கதவு திறக்காது. சட்டம் வேண்டுமென்றே இப்படி எழுதப்பட்டிருக்கிறது. கடன்காரரிடமிருந்து நழுவிப் போகும் சந்தாக உருமாற்றம் ஆகிவிடக் கூடாது என்பதே அதன் கவலை, அது நியாயமான கவலையும்கூட.

இந்த மூன்றையும் தாண்டிய பிறகும் ஓட்டம் ஓயாது. மாற்றம் பதிவானபின் பன்னிரண்டு மாதத்துக்குத் தன் கடிதங்களில் தான் முன்பு எந்தக் கம்பெனியாக இருந்தது என்பதை பி.எல்.தி. சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நிலம் இருந்தால் நில அலுவலகம், லோரி பர்மிட்டுக்குத் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம், குலை வாங்கி விற்கும் உரிமத்துக்கு மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம், கட்டுமான வேலை செய்தால் சி.ஐ.டி.பி., கடைக்கு கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகம், ஆட்களுக்கு ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் என ஒவ்வொரு முகப்பிலும் போய் நிற்க வேண்டும். பழைய பெயரில் உள்ள உரிமத்தை வைத்துக்கொண்டு புதிய பெயரில் லோரி ஓட்டினால் ரோட்டில் மறிக்கும் அதிகாரி கேட்கப் போவது உரிமத்தைத்தான்.

இவ்வளவும் செய்து கிடைக்கும் லாபம் என்ன?

வரியில் ஒன்றும் பெரிதாக இல்லை. மூலதனம் 25 லட்சம் ரிங்கிட்டுக்குள்ளும் ஆண்டு வருமானம் ஐந்து கோடி ரிங்கிட்டுக்குள்ளும் இருக்கும் சிறு கம்பெனிக்கு 2023ஆம் வரி ஆண்டு முதல் வரிக்குட்பட்ட வருமானத்தில் முதல் 150,000 ரிங்கிட்டுக்கு 15 விழுக்காடு, அடுத்து 600,000 வரை 17, அதற்கு மேல் 24. அதே அளவுள்ள பி.எல்.தி.க்கும் இதே விகிதம்தான். ஒரு கண்ணி வேறு இருக்கிறது. கூட்டாளிக்குக் கொடுக்கும் சம்பளத்தைச் செலவாகக் கழிக்க வேண்டுமானால் அது கூட்டாண்மை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கணக்கு எழுதும் அம்மாவுக்கு மாதாமாதம் சம்பளம் போகிறது, ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை என்றால் வருமான வரி வாரியம் அந்தச் செலவை ஏற்காது.

எஸ்.எஸ்.எம்.முக்கு ஆண்டுதோறும் கட்டும் தொகையில் மிச்சமே கிடையாது: தனியார் கம்பெனி 150 ரிங்கிட், பி.எல்.தி. 200. உண்மையான சேமிப்பு ஆடிட் கட்டணத்திலும் செயலாளர் கட்டணத்திலும்தான். அதில் ஆடிட் பக்கம் இப்போது வேகமாகக் கரைந்துகொண்டிருக்கிறது. ஆண்டு விற்பனை, மொத்தச் சொத்து, ஊழியர் எண்ணிக்கை ஆகிய மூன்றில் இரண்டிலாவது வரம்புக்குள் இருக்கும் தனியார் கம்பெனிக்கு ஆடிட்டிலிருந்து விலக்கு தரும் ஏற்பாட்டை எஸ்.எஸ்.எம். படிப்படியாக விரித்துவருகிறது. 2025இல் தொடங்கும் நிதியாண்டுக்கு 10 லட்சம் ரிங்கிட் விற்பனை, 10 லட்சம் ரிங்கிட் சொத்து, 10 ஊழியர். 2026க்கு அது இருபது லட்சமும் 20 பேரும். 2027 முதல் முப்பது லட்சமும் 30 பேரும். நம் மாதிரிக் கம்பெனி, எட்டு ஆட்களோடு, உருமாறாமலேயே இந்த விலக்குக்குள் வந்துவிட வாய்ப்பு அதிகம். ஐந்தாறு ஆண்டுக்கு முன் சரியாக இருந்த ஆலோசனை இன்று அதே வார்த்தையில் சொல்லப்படுவதுதான் சிக்கல்.

இன்னொரு விஷயம், குடும்பத் தொழிலுக்கு இதைவிட முக்கியமானது. பி.எல்.தி.யில் எப்போதும் குறைந்தது இரண்டு கூட்டாளிகள் வேண்டும். ஒருவர் இறந்தோ விலகியோ ஒரே ஒருவர் மிஞ்சி, ஆறு மாதத்துக்கு மேல் அப்படியே தொழில் நடந்தால், அந்தக் காலத்தில் ஏற்படும் கடனுக்கு மிஞ்சியவர் தன் சொந்தச் சொத்தால் பொறுப்பேற்க வேண்டும். அண்ணன் தம்பி இருவர் மட்டும் நடத்தும் தொழிலில் ஒருவர் போய்விட்டால், காரியமும் கண்ணீரும் முடிந்து பத்திரங்களைப் புரட்டத் தொடங்குவதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். செண்டிரியான் பெர்ஹாட்டில் இந்த ஆபத்து இப்போது கிடையாது. 2016ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் 2017 ஜனவரி 31 முதல் ஒரே பங்குதாரர், ஒரே இயக்குநர் என்று கம்பெனி நடத்த இடம் கொடுக்கிறது. அதே சட்டம் தனியார் கம்பெனிக்கு ஆண்டுக் கூட்டக் கட்டாயத்தையும் நீக்கிவிட்டது. திரும்பி வரும் பாதையும் இல்லை: பி.எல்.தி.யை மறுபடி கம்பெனியாக்க 743ஆம் சட்டம் வழி வைக்கவில்லை.

இந்த வடிவம் யாருக்காகப் பிறந்தது என்று பார்த்தால் பல கேள்விகளுக்கு விடை கிடைக்கிறது. 1980களின் கடைசியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சேமிப்பு நிறுவனங்களும் பேங்குகளும் கொத்துக் கொத்தாகச் சரிந்தன. அவற்றுக்கு வேலை செய்த வழக்கறிஞர், கணக்காய்வாளர் அலுவலகங்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. ஒரு கூட்டாளி செய்த தவறுக்கு மற்ற கூட்டாளிகள் எல்லோரும் வீடு வாசலை இழக்கும் நிலை. 1991இல் டெக்சஸ் முதல் எல்.எல்.பி. (பி.எல்.தி.யின் ஆங்கிலப் பெயர்) சட்டத்தை இயற்றியது. பிரிட்டனில் பெரிய கணக்காய்வு நிறுவனங்கள் ஜெர்சி தீவுக்குப் பதிவை மாற்றிக்கொள்வோம் என்று நெருக்கியதில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. சிங்கப்பூர் 2005இல் சேர்ந்துகொண்டது. மலேசியாவிலும் இன்று இதன் முகம் அவர்கள்தான்: கே.பி.எம்.ஜி., டெலாய்ட், பி.டபிள்யூ.சி., எர்னஸ்ட் அண்ட் யங் ஆகிய நான்கின் பெயரும் பி.எல்.தி. என்றே முடிகிறது. அவர்கள் கூட்டு வியாபாரத்திலிருந்து இங்கே வந்தவர்கள். வரம்பில்லாத பொறுப்பிலிருந்து வரம்புள்ள பொறுப்புக்கு வருவது அவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. ஏற்கெனவே வரம்புள்ள கம்பெனியாக இருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கையில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் தொழில் தொடர்புள்ள குடும்பங்கள் அங்கே கேட்டதை இங்கே பொருத்திக் குழம்புவதும் உண்டு. இந்தியாவின் எல்.எல்.பி. சட்டம் 2008இல் இயற்றப்பட்டு 2009இல் நடப்புக்கு வந்தது. மாறும்போது மூலதன ஆதாய வரி விழாமலிருக்க 2010இல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு விதியைச் சேர்த்தார்கள். அதன் வேலி மிக உயரம். முந்தைய மூன்று ஆண்டில் எந்த ஆண்டும் விற்பனை 60 லட்சம் ரூபாயைத் தாண்டியிருக்கக் கூடாது. 2016இல் சொத்துக்கும் ஐந்து கோடி ரூபாய் என்று வரம்பு போட்டார்கள். சேர்த்து வைத்த லாபத்தை மூன்று ஆண்டுக்குப் பங்கு பிரிக்கக் கூடாது. பழைய பங்குதாரர்களின் லாபப் பங்கு ஐந்து ஆண்டுக்குப் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. சென்னையில் ஒரு கணக்காய்வாளர் மாற்றம் வேண்டாம் என்று சொன்னால் அவர் மனத்தில் இருப்பது இந்த வேலி. அது சிலாங்கூரில் இல்லை.

பொறுப்புக்கு வரம்பு என்ற சொல்லையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். சிறு தொழிலுக்குக் கடன் தரும் பேங்க், கம்பெனியானாலும் பி.எல்.தி.யானாலும் சொந்த உத்தரவாதம் கேட்கும். கையெழுத்துப் போட்ட நிமிடமே அந்தக் கடனுக்கு வரம்பு போய்விடுகிறது. தன் கையால் செய்த தவறுக்குக் கூட்டாளி தானே பதில் சொல்ல வேண்டும். பி.எல்.தி. நியமிக்கும் இணக்க அதிகாரி, சட்டக் கடமைகள் தவறினால் வரும் அபராதத்துக்கு நேரடியாக மாட்டுவார். பெரும்பாலும் அது கணக்குப் பார்க்கும் பிள்ளையாகத்தான் இருக்கும். ஆட்களின் சேமநிதிப் பணத்தைக் கட்டாமல் விட்டால் சேமநிதி வாரியம் கம்பெனி இயக்குநர்களின் சொந்தச் சொத்து வரை வரும். எட்டு வேலையாட்களின் முதுமைக்கான பணம் அது. எந்த வடிவத்தின் பின்னாலும் அதை மறைக்க இடம் இருக்கக் கூடாது.

கம்பெனி, கூட்டாண்மை இரண்டுக்கும் வெளியே மூன்றாவது ஒரு வடிவத்தை இந்தச் சமூகம் கையில் வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தோட்டத் துண்டாடல் உச்சத்தில் இருந்த 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரக் கூலியில் மாதம் பத்து வெள்ளி பிடித்துப் பங்கு சேர்த்தார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. துண்டு போட்டு விற்கப்படும் நிலத்தைத் தொழிலாளர்களே முழுசாக வாங்கிக்கொள்வது என்ற எண்ணத்துக்கு அன்று கூட்டுறவுதான் பொருந்தியது. ஆளுக்கொரு வாக்கு, பணக்காரர் ஒருவர் பங்குகளை வளைத்துப் போட முடியாது. நூற்றுக்கணக்கானோர் சிறு சிறு தொகை போடும் முயற்சிக்கு இன்றும் கம்பெனியைவிட, பி.எல்.தி.யைவிட அதுவே ஏற்றது.

அப்படியானால் வட சிலாங்கூரில் பி.எல்.தி. யாருக்கு? கடன் இல்லாத, பங்குகள் தெளிவாக இருக்கும், மூன்று நான்கு பேர் கூடி உழைக்கும், ஆடிட் விலக்கு வரம்பைத் தாண்டிய விற்பனையுள்ள கம்பெனிக்கு மாற்றம் பயன் தரலாம்; அப்படிப்பட்டவை கொஞ்சம்தான். பயன் அதிகமாக இருப்பது வேறு இடத்தில். புக்கிட் ரோத்தானில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து நடத்தும் பட்டறை, ஜெராமில் மச்சான் இருவர் வைத்திருக்கும் உணவு விநியோகம், தஞ்சோங் காராங்கில் டியூஷன் நிலையம் நடத்தும் ஆசிரியைகள் ஆகியோரெல்லாம் பெரும்பாலும் சாதாரணக் கூட்டு வியாபாரமாகப் பதிந்திருப்பார்கள். தொழிலுக்காக ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்றவர் வீடும் பொறுப்பு என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர்களுக்கும் இதே சட்டம் மாற்ற வழி தருகிறது, இதே 500 ரிங்கிட்டில். செண்டிரியான் பெர்ஹாட்டை மாற்ற வரும் ஆலோசகர்கள் அந்தப் பட்டறைக் கதவைத் தட்டுவது குறைவு. அங்கே ஆலோசகருக்குக் கிடைக்கும் கட்டணம் சிறியது. மாற்றம் உடனடியாகத் தேவைப்படுவது அங்கேதான். விண்ணப்பத்துக்கு முன் எழுத வேண்டிய ஒப்பந்தத்தில் மூன்று வரி கட்டாயம் இருக்கட்டும்: யாருக்கு எவ்வளவு மாதச் சம்பளம், ஒருவர் விலகினால் அவர் பணம் எப்போது எப்படித் திருப்பித் தரப்படும், ஒருவர் இறந்தால் ஆறு மாதத்துக்குள் யார் உள்ளே வருவார்.